சீல் உடையாத ஆறு பாட்டில்கள்

எதிர்வீட்டு சகுந்தலாவின் மகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்த செவ்வாய்க்கிழமை காலை, சகுந்தலா ஜாங்கிரித் தட்டோடு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் போய்த் திரும்புவதற்குள், கலியமூர்த்தி வீட்டுக் கூடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள், சீல் உடையாத பிராந்தி பாட்டிலில் இரண்டு விரல் அளவு சரக்கு குறைந்துபோனது. பாட்டில் ஒழுகவில்லை, தட்டு ஈரமாகவில்லை, வாடைகூட வரவில்லை. கலியமூர்த்தி பாதி தின்ற ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு மீதி ஜாங்கிரியையும் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவர் அவர். பிள்ளைகள் உடைக்கும் குழாய்களைக் கூட்டி அள்ளுவதும், அமிலம் அளந்து ஊற்றுவதும், கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்கு இறக்கி அளவு பார்ப்பதுமாகவே ஆயுசு ஓடியவர். அப்படிப்பட்டவர் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வாரோ அதையே செய்தார். வெள்ளைத்தாளில் மெல்லிசாக ஒரு துண்டு கத்தரித்து, சரக்கு நின்ற மட்டத்தில் ஒட்டி, தேதியையும் மணியையும் பென்சிலால் எழுதி வைத்தார். அவர் மானத்தைத் தெருவுக்கு இழுத்து வந்தது அந்தத் துண்டுதான்.

அந்த அலமாரி எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். நான்காவது வீட்டில் மொரீஸ் இருக்கிறார். இருபது வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிரான்சிலிருந்து வருகிற பென்ஷனோடு ஊரில் சௌக்கியமாக உட்கார்ந்திருப்பவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். வருஷா வருஷம் ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள், சொல்தா மொரீஸ் மார்பில் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரை அணிவகுப்புக்குப் போய்விட்டு வந்து, தெருவில் இருக்கும் ஆம்பளைகள் அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, சுவரளவு உயரமான தன் மது அலமாரியைத் திறப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித் திறந்தவர், எல்லார் கிளாசிலும் பொன் நிறத்தில் கொன்யாக் என்கிற பிரெஞ்சு பிராந்தியை ஊற்றிக்கொண்டே வந்து, கலியமூர்த்தியின் முறை வந்தபோது மட்டும் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து உள்ளூர் பிராந்தி ஒன்றை எடுத்தார்.

"உனக்கு இதாம்பா ஒத்துக்கும், கலியா. அது வயித்தப் புரட்டும்," என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அதுதான் இன்னும் மோசம். கலியமூர்த்தி அன்று அந்த அலமாரி ஓரமாக, கதவைத் திறந்து மூட இடைஞ்சலாக இருப்பதால் இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டே, உள்ளூர் பிராந்தியைக் குடித்து முடித்தார். வயிறு புரளவில்லை. ஆனால் எரிந்தது.

மறுநாள் அவர் தனக்குத் தெரிந்த ஒரே வல்லுநரிடம் போனார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பாரில் இருபத்தாறு வருஷமாகக் கிளாஸ் எடுத்து வைக்கும் தங்கராசுதான் அந்த வல்லுநர்.

"சார், வீட்ல சரக்கு வைக்கிறவன் ரெண்டு வகை," என்றார் தங்கராசு, மேஜையைத் துடைத்துக்கொண்டே. "ஒருத்தன் ஒரே நாள்ல எல்லாத்தையும் வாங்கி ஒரே வாரத்துல முடிச்சிடுவான். இன்னொருத்தன் எறும்பு மாதிரி சேப்பான். உங்க வருமானத்துக்கு எறும்புதான் சரி. ஆறு பாட்டில் போதும். பிராந்தி, விஸ்கி, ரம், ஜின், வோட்கா. ஆறாவதா, ஆரஞ்சுத் தோல் போட்ட இனிப்புச் சரக்கு சின்னதா ஒண்ணு. அத யாரும் கேக்க மாட்டான். ஆனா அது இருந்தாத்தான், இந்தாளுக்கு விஷயம் தெரியும்னு நெனைப்பான்."

"எது உசந்ததா வாங்கணும், எது மட்டமா வாங்கணும்?"

"மட்டம் எதுவும் வேணாம். வோட்காவுல சிக்கனம் பண்ணுங்க, எவனுக்கும் தெரியாது. விஸ்கியில பண்ணாதீங்க, மோந்தே சொல்லிடுவானுங்க. மிச்சம் புடிச்ச காசுல நல்ல கிளாஸ் வாங்குங்க. அப்புறம் சோடா, எலுமிச்சம்பழம், உப்பு. பாதி பாரு அதுதான் சார். அத எவனும் பெருசா நெனைக்கிறதில்ல."

கலியமூர்த்தி எறும்பானார். சிகரெட்டை விட்டார், வெளியில் டீ குடிப்பதை விட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி கோழிக்கறியாகி, கோழிக்கறி முட்டையாகி, முட்டையும் ஒரு கட்டத்தில் கத்தரிக்காயானபோது, முப்பத்தோரு வருஷமாக அவருக்குச் சமைத்துப்போடும் மனைவி விசாலம் அதையும் நறுக்கிக் குழம்பு வைத்தாள். கல்லூரியில் ஏலம் விட்ட பழைய ரசாயன அலமாரியை அவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது அதைத் துடைத்துக் கொடுத்தாள். இரண்டு கை பெயின்ட் அடித்தும் அதன் நெற்றியில் 'அமிலம் - கவனம்' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்துகொண்டேதான் இருந்தன. நான்கைந்து மாதத்துக்கு ஒன்றாக ஆறு பாட்டில்களும் வந்து சேர, இரண்டரை வருஷம் ஆனது. ஒரு சொட்டு ருசி பார்க்கவில்லை அவர். ஆறாவது பாட்டிலை வைத்த அன்றே நான்காவது வீட்டுக்குப் போய், "மொரீசண்ணே, இந்த வருஷம் ஜூலை பதினாலு எல்லாரும் நம்ம வூட்டுல," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் சகுந்தலா ஜாங்கிரி கொண்டுவந்தாள்.

பிறகு குறைவது நிற்கவில்லை. மூக்கையா வாத்தியார் எழுபத்தெட்டு வயசில் சொந்தப் பல்லால் முறுக்கு கடித்துக்கொண்டு போன சாயங்காலம் ஜின் குறைந்தது. மூலை வீட்டுக்காரர் மாடி எடுத்துக் கான்கிரீட் போட்ட அன்று ரம் குறைந்தது. கோயில் கமிட்டித் தலைவருக்கு மாலை போட்ட படம் பேப்பரில் வந்த காலை வோட்கா குறைந்தது. விஸ்கிக்குக் காரணமே வேண்டியதில்லை, மொரீஸ் தன் வீட்டு வாசலில் நின்று செருமினால் போதும். கலியமூர்த்தி மூடிகளுக்கு மேல் மெழுகு உருக்கி ஊற்றினார், அலமாரியை வெயில் படாத சுவருக்கு நகர்த்தினார், எலி மருந்து வைத்தார், ஒரு வாரம் விசாலத்தைச் சந்தேகப்பட்டார். குறையக் குறையத் துண்டு ஒட்டித் தேதி எழுதினார். இரண்டே மாதத்தில் பாட்டில்களுக்கு உச்சியிலிருந்து இடுப்புவரைக்கும் வெள்ளைக் கோடுகள் விழுந்துவிட்டன.

கோடுகளைப் படித்தது விசாலம்தான். பால் வராத நாள், கேஸ் வந்த நாள், தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் தினசரிக் காலண்டரில் குறித்து வைக்கிற பழக்கம் அவளுக்கு. ஒரு மத்தியானம், தூசி தட்டப் போனவள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தேதியாகப் பார்த்து முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, இது ஆவியாவும் போகல, எலியும் குடிக்கல," என்றாள். "உங்க வயித்தெரிச்சல் குடிக்குது. புள்ளைங்க நல்லாருந்தா பிராந்தி, ஒடம்பு நல்லாருந்தா ஜின், சொத்து சொகம்னா ரம், பேரு புகழுன்னா வோட்கா, மொரீசண்ணன்னா விஸ்கி."

கலியமூர்த்தி மறுத்துப் பார்த்தார். அவள் காலண்டரை அவர் மடியில் வைத்தாள். அவர் மறுப்பதை நிறுத்திக்கொண்டார்.

விசாலத்துக்கு ரகசியம் காக்கத் தெரியும், ஆனால் அதில் பிரியமில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் சகுந்தலாவிடம் சொன்னாள், சகுந்தலா எல்லோரிடமும் சொன்னாள். முதல் இரண்டு நாள் தெரு பயந்தது. இத்தனை நாளாக நம்மேல் கண் வைத்துக்கொண்டிருந்தது இந்த மனுஷனா என்று வாசலுக்கு வாசல் பூசணிக்காயும், எலுமிச்சையில் குத்திய மிளகாயும் தொங்கின. மூன்றாம் நாள் மூக்கையா வாத்தியார்தான் யோசித்துச் சொன்னார். "கண்ணு பட்டா நம்ம மேலதான எறங்கணும்? ஆனா பாட்டில்லதான எறங்குது. நம்ம தெரு திருஷ்டி மொத்தத்தையும் அந்த அலமாரி வாங்கிக்குது. அது நமக்கு நல்லதுதானய்யா." இது எல்லோருக்கும் சரி என்று பட்டது. பூசணிக்காய்களை இறக்கிச் சாம்பார் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு கலியமூர்த்தி வீட்டுக்கு ஆள் வராத நாளே இல்லை. புது வண்டி வாங்கினால் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு அவர் ஜன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடித்தார்கள். ரம் குறைந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் தாராளமாக உட்கார்ந்து காப்பி கேட்டுக் குடித்தார்கள். பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை போட்டோவைக் கொண்டுவந்து அவரிடம் காட்டி, பிராந்தி அசையாத சம்பந்தங்களை நாசூக்காகத் தட்டிக்கழித்தார்கள். அயர்ன் வண்டி தனக்கோட்டி பழைய மொபெட் ஒன்றை வாங்கி, கழுவி, கண்ணாடியில் ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினபோது ரம் நகக்கண் அளவுதான் இறங்கியது. "இவ்ளோதானா சார்?" என்று கேட்ட தனக்கோட்டி ஒரு வாரம் அவர் சட்டையைச் சுருக்கம் போகாமலே தேய்த்துக் கொடுத்தான்.

கடை நொடித்துப்போன மகனோடு கடைசி வீட்டில் இருக்கும் அஞ்சலையம்மாள் ஒருநாள் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "நம்மள பாத்து எதனா எறங்கியிருக்குதா தம்பி?" என்று கேட்டாள். ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் அடுத்த நாள் வெயிலில் அந்தப் பக்கம் போன கலியமூர்த்தி, அவள் வெறும் தரையில் முந்தானையை விரித்து, வாய் லேசாகத் திறந்திருக்க, உலகத்தில் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லாதவள் போலத் தூங்குவதைப் பார்த்தார். அவர் அப்படித் தூங்கி மூன்று வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்தால் ஜின் அரை விரல் இறங்கியிருந்தது. விசாலத்திடம் சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் அஞ்சலையம்மாள் தலையில் பூ வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

தெருவுக்கு இது பெருமையாக இருந்தது, கலியமூர்த்திக்கு உயிர் போகிற விஷயமாக இருந்தது. ஜூலை பதினாலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. மொரீஸ் வந்து உட்கார்ந்து, ஆறு பாட்டில்களும் கழுத்துவரை நிறைந்திருப்பதைப் பார்த்து, தன் கையால் கலியமூர்த்தி ஊற்ற, அதைக் குடித்து, நல்லாருக்குதுப்பா என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இதற்குத்தான் இரண்டரை வருஷம் கத்தரிக்காய் தின்றது. அதனால் அவர் பொறாமைப்படுவதை விட்டுவிட முடிவு செய்தார். ஜன்னல்களைச் சாத்தினார். பேப்பரை நிறுத்தினார். தெரு சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் பார்த்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தார். பிள்ளையாருக்கு நூற்றெட்டுக் கொழுக்கட்டை நேர்ந்துகொண்டார். ஆனால் சாத்தின ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரித்தால், சிரிக்கிறவர் யார் என்று தெரியாமலே பொறாமை வந்தது. எந்தப் பாட்டிலுக்கு உரியது என்று தெரியாத அந்தப் பொறாமை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குடித்தது. ஜூலை பத்தாம் தேதி மொரீஸின் மகன் பாரீசிலிருந்து பேரனோடு வந்து இறங்கினான். அந்த ஒரு நாளில் விஸ்கி தீர்ந்தது.

பதிமூன்றாம் தேதி காலையில் ஐந்து பாட்டில்களும் காலி. சீல் மட்டும் அப்படியே இருந்தது. ஆறாவதாக, ஆரஞ்சுத் தோல் போட்ட சின்னப் பாட்டில் மட்டும் வாங்கிய நாள் அன்று இருந்த மாதிரியே கழுத்துவரை நிறைந்து, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நின்றது. அது எந்தப் பொறாமைக்கு உரியது என்று அவருக்கும் தெரியவில்லை, தெருவுக்கும் தெரியவில்லை.

"டீத்தண்ணி காய்ச்சி ஊத்தி வச்சிடலாமான்னு பாக்குறேன்," என்றார் அவர்.

"ஊத்துங்க. அதுவும் குறையும்," என்றாள் விசாலம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வருகிறவர்களுக்குச் சுறாப் புட்டு செய்யவேண்டும். தலையைத் தூக்காமலே, "நாப்பத்தேழு துண்டு ஒட்டியிருக்கீங்க," என்றாள். "எல்லாத் தேதியும் பாத்துட்டேன். அயர்ன்காரன் இருக்கான். அஞ்சலை இருக்கா. நான் ஒரு தேதியிலயும் இல்ல."

"உன்னைப் பாத்து எதுக்குடி பொறாமப்படணும்? நீ என் பொண்டாட்டி."

"அதான் கேக்குறேன். பொறாமப்படற மாதிரி எங்கிட்ட ஒண்ணுமே இல்லியா?"

கலியமூர்த்தி யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை, தோன்றவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது. விசாலம் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

பதினாலாம் தேதி பதினோரு மணிக்கு மொரீஸ் மெடல்களோடும் தொப்பியோடும் வந்தார், பின்னால் தெரு மொத்தமும் வந்தது. இதுவரை ஆம்பளைகள் மட்டும் போகிற விருந்துக்கு, இது பொதுவான அலமாரி என்பதால் பெண்களும் வந்தார்கள். காலி பாட்டில்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. கோயிலில் உபயதாரர் பெயரைத் தேடுகிற மாதிரி அவரவர் துண்டைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டினார்கள். மொரீஸ் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விஸ்கி பாட்டிலின் முன் குனிந்தார்.

"இது எது எனக்கு?"

"முழு பாட்டிலும்ண்ணே," என்றார் கலியமூர்த்தி.

மொரீஸ் நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றினார். "என் புள்ளைங்களே என்னை இப்படி நெனைச்சதில்ல, கலியா," என்றார். கண் கலங்கியிருந்தது. கலியமூர்த்தி எதிர்பார்த்த வார்த்தை அது இல்லை. ஊற்றிக் கொடுக்கவும் அவர் கையில் ஒன்றும் இல்லை. சின்னப் பாட்டில் இத்தனை பேருக்கு ஆளுக்கு ஒரு சொட்டுக்கு மேல் வராது. மினுமினுவென்று துடைத்து வைத்த கிளாஸ்கள் வரிசையாக நின்றன, அவற்றைச் சுற்றி ஜனங்கள் நின்றார்கள்.

அப்போதுதான் விசாலம் சோடா பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். தங்கராசு சொன்னபடி வாங்கி வைத்த சோடா, எலுமிச்சம்பழம், உப்பு எல்லாம் இருந்தன. அதோடு தன் அடுக்களையிலிருந்து இஞ்சிச் சாறு, நன்னாரி, நசுக்கிய புதினா, நடுவில் கீறிய பச்சை மிளகாய். ஒரு கிளாசில் ஊற்றிக் கலக்கி, விளிம்பில் உப்பைத் தடவி மொரீஸிடம் நீட்டினாள். மொரீஸ் குடித்தார். கண்ணை மூடினார். திறந்து கிளாசைப் பார்த்தார்.

"என்னம்மா போட்ட இதுல? நாப்பது வருஷமா என்னென்னமோ குடிச்சிருக்கேன். நல்லாருக்குதும்மா. இன்னொண்ணு குடு."

"வரிசையில நில்லுங்கண்ணே," என்றாள் விசாலம். மொரீஸ் வரிசையில் நின்றார்.

கூடம் அவள் பக்கம் சாய்ந்தது. ஒருவருக்கு இஞ்சி தூக்கலாக, ஒருவருக்கு மிளகாய் இல்லாமல், மூக்கையா வாத்தியாருக்கு உப்பில்லாமல் என்று அவள் கேட்டுக் கேட்டுக் கலக்கினாள். சுறாப் புட்டுத் தட்டு ஒரு பக்கம் சுற்றியது. மெழுகு உருக்கி ஊற்றியதையும், எலி மருந்து வைத்ததையும், தன்னை ஒரு வாரம் சந்தேகப்பட்டு வாயை மோந்து பார்த்ததையும் அவள் சொல்லச் சொல்லத் தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மொரீஸின் பேரன்கூட அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அலமாரிப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

கலியமூர்த்தி அலமாரி ஓரமாக நின்றார். சுறாப் புட்டுக்குக் கை நீட்டுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டார். கையில் காலி கிளாஸ். இரண்டரை வருஷம் அவர் கட்டியது அலமாரி இல்லை, நடுவில் தான் நிற்க, சுற்றி எல்லோரும் கிளாசை நீட்டிக்கொண்டு நிற்கிற இந்தக் கூடம்தான் என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கூடம் கிடைத்துவிட்டது. நடுவில் நின்றது அவள். மொரீசண்ணன் சொல்லவேண்டிய வார்த்தையை அவளிடம் சொல்லிவிட்டார், அதுவும் அவள் கேட்காமலே, தங்கராசு சொன்ன அந்தப் பாதி பாருக்கே. அவருக்கு வயிறு எரிந்தது. இதுவரை யாரைப் பார்த்தும் எரியாத இடத்தில் எரிந்தது.

தலையைத் திருப்பிப் பார்த்தார். சின்னப் பாட்டில் கழுத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சட்டென்று முதுகால் அலமாரியை மறைத்தார். ஆனால் விசாலம் அத்தனை தலைகளுக்கும் மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சகுந்தலா கையில் கொடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவரைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, அலமாரி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் பார்ப்பது போலவே கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தாள். காலண்டரில் ஒரு ஓரத்தைக் கிழித்து, எச்சில் தொட்டு, பாட்டிலில் வைத்து அழுத்தினாள். அவர் சட்டைப்பையில் இருந்த பென்சிலை எடுத்தாள். தேதி எழுதவில்லை, மணி எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

எழுதி முடித்தும் எழுந்திருக்கவில்லை. முகம் கல்யாணப் பெண் முகமாக இருந்தது. கூடத்தில் மொரீஸ், இரண்டாவது கிளாசுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"போதும், எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க," என்றார் கலியமூர்த்தி.

"இருங்க," என்றாள் விசாலம், பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் எறங்குது."